ராஜாத்தி அக்கா சொன்ன பட்டன்

சாமி படத்துக்குக் காட்டிய ஊதுபத்திப் புகை இன்னும் கல்லாவைத் தாண்டவில்லை. அதற்குள் கடை வாசலில் மூன்று பெண்கள்.

முதல் போணியே மூன்று பேராக வந்து நின்றால் ஒரு ஜவுளிக்கடைக்காரன் முகம் எப்படி மலரும் என்பதைக் கம்பம் கடைவீதியில் வந்து பார்க்க வேண்டும். சிரித்த சிரிப்பில் எனக்குக் கன்னம் வலித்தது. ஸ்டூலைத் துடைத்தேன். ஃபேனைப் போட்டேன்.

"வாங்கம்மா, உள்ள வாங்க. என்ன பாக்குறீக? சேலையா, சுடிதாரா?"

மூத்தவர் என் தோளுக்கு மேலாகக் கடைக்குள் எட்டிப் பார்த்தார். "அக்கா இல்லையாண்ணே?"

"எந்த அக்கா?"

"ஈஸ்வரி அக்கா. வீடியோல வருவாகல்ல, மலைச்சட்டை விக்கிறவுக."

ஈஸ்வரி என் மனைவி. கடைக்கு மேலே மாடியில்தான் எங்கள் வீடும் அவளுடைய தையல் மிஷின்களும். "இப்பத்தேன் குளிக்கப் போயிருக்காக. நீங்க உக்காருங்க, புதுசா கோட்டா சேலை இறங்கியிருக்கு..."

"வேணாம்ணே. நாங்க ராயப்பன்பட்டிலருந்து வாரோம். இந்த வாசல்ல நின்னுதேன் அக்கா பேசுவாக. ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிர்றோம்."

எடுக்கட்டும் என்று நானும் கதவில் சாய்ந்து, முதலாளிக்கு உரிய முறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போனைப் பிடித்திருந்த சின்னப் பெண் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அண்ணே, நீங்க மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கங்க. மறைக்கிது."

அப்பா திறந்த கடை. வாசல் படி என் கல்யாணத்துக்குப் போட்ட கிரானைட். அதில் நான் நின்றால் மறைக்கிறதாம்.

ஒதுங்கினேன். அடுத்த கடை செருப்புக் கடை, என் பால்ய நண்பன் சின்னச்சாமியுடையது. அவன் வாசலில் போய் நின்றேன். செருப்பைத் தட்டிக்கொண்டே அவன் கேட்டான்: "என்ன மாப்ள, வெளியேத்திட்டாகளா?"

வலி வரும் நேரம்

பொறாமை உடம்பில் எந்த இடத்தில் குடியிருக்கும் என்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. எனக்கு இடது விலாவுக்குக் கீழே, சட்டைப் பையிலிருந்து ஒரு சாண் இறங்கினால்.

முதலில் வாயு என்றுதான் நினைத்தேன். சீரகத் தண்ணீர் குடித்தேன். பெருங்காயத்தை மோரில் கலக்கிக் குடித்தேன். கேட்கவில்லை. இரண்டு நாள் கவனித்ததில், வலி உச்சிவேளையில்தான் வருகிறது என்று தெரிந்தது. ஐம்பதைத் தொட்டவனுக்கு நேரம் தவறாமல் நெஞ்சுப் பக்கம் வலித்தால் என்ன செய்வான்? உயிலுக்கு என்னென்ன சொத்து இருக்கிறது என்று யோசித்தேன். கடை, ஒரு ஸ்கூட்டர், விற்காத சரக்கு. யோசித்ததும் இன்னும் வலித்தது. ஓடிப்போய் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிய நர்ஸ் பெயரைக் கேட்டார், தெருவைக் கேட்டார். கேட்டுவிட்டு, "அய்யோ, நீங்க ஈஸ்வரி அக்கா வீட்டுக்காரரா?" என்றார். காகிதத்தில் கோடு எகிறியது. மற்றபடி எல்லாம் நார்மல் என்றார் டாக்டர்.

உச்சிவேளைதான் ஈஸ்வரி மாடியில் லைவ் போடும் நேரம். "வணக்கம் மக்களே, சாப்பிட்டீகளா?" என்று அவள் ஆரம்பிப்பாள். கீழே எனக்கு விலா ஆரம்பிக்கும்.

ஊதாக் கட்டம்

போன வாரம் இந்தப் பத்தியில் என் தலைமுடி என்னைக் கைவிட்ட கதையை எழுதினேன். அதற்கும் முன்னால் என்னைக் கைவிட்டது ஊதாக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. ஈரோட்டில் மலிவாகக் கிடைத்தது என்று அள்ளிப்போட்டு வந்தேன். கத்தரிக்காயை அரைத்துத் தெளித்த மாதிரி ஒரு ஊதா. எத்தனை தீபாவளி வந்து போனது, ஒரு சட்டை போகவில்லை. அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஈஸ்வரிக்குப் பிறந்த ஊர் சுருளிப்பட்டி. அவள் தங்கை பஞ்சவர்ணம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். விடியும் முன்னே ஜீப்பில் ஏறினால் மேட்டுப் பாதையில் வளைந்து வளைந்து கேரளாவுக்குள் போய் இறங்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் தோட்டத்துக்குப் போகும்போது சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். குளிருக்கு அது, கொசுவுக்கு அது, அட்டைக்கும் அதுதான். சட்டையைப் பார்த்தே ஒருத்தியின் புருஷன் குண்டா ஒல்லியா என்று நான் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் பஞ்சவர்ணம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே புலம்பினாள்.

"என்னக்கா சட்ட இது, எங்க வீட்டுக்காரரு கை என்ன ஏணி மாதிரியா இருக்கு? எனக்கு முழங்கால் வரைக்கும் தொங்குது. பையில போனை வச்சுக் குனிஞ்சா சேத்துக்குள்ள போயிருது."

ஈஸ்வரி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுக் கீழே இறங்கினாள். மேல் தட்டிலிருந்து ஊதாக் கட்டத்தை எடுத்தாள். கையைக் குறுக்கினாள், இடுப்பைப் பிடித்தாள், மேல்மூடி உள்ள பை ஒன்றைப் பக்கவாட்டில் தைத்தாள். பஞ்சவர்ணத்துக்குப் போட்டு, ஜீப்பில் சாய வைத்து ஒரு போட்டோ எடுத்துப் போனில் போட்டாள். 'மலைச்சட்டை' என்று பெயரும் வைத்தாள்.

ஊதாக் கட்டம் தீர்ந்துபோனது. வண்டிப்பெரியாறிலிருந்து ஒருத்தி "சேச்சி, கொள்ளாம்! ஆ கலர் இனி உண்டோ?" என்று கேட்டிருந்தாள். நல்லா இருக்காம், இன்னும் வேணுமாம். அந்தக் கலரையா கேட்கிறாள் என்று நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"நான் கூவிக் கூவி வித்தும் ஒருத்தனும் வாங்கலையே ஈஸ்வரி?"

"நீங்க அதை ஆம்பளைகளுக்குல்ல வித்தீக."

அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்குத்தான் விலாவுக்குக் கீழே முதல் சுருக்.

அப்புறம் மாடியில் ஒரு மிஷின், இன்னொரு மிஷின், தைக்க ஆட்கள். கூரியர்காரர் என்னைக் கடக்கும்போது முன்பெல்லாம் வணக்கம் வைப்பார். இப்போது நேராக மாடிப்படியைப் பார்த்தபடி போகிறார். தோட்டச் சட்டையில் தொடங்கியவள் குர்தியில் வந்து நின்றாள், பை வைத்த நைட்டியில் வந்து நின்றாள். எங்கிருந்தெல்லாமோ பெண்கள் வாங்குகிறார்கள். கீழே நான் ஈ ஓட்டினேன். சரியாகச் சொன்னால், ஈயும் மாடிக்குப் போய்விட்டது.

ராஜாத்தி பிறந்தாள்

எதிரியின் பலவீனத்தை அறிய வேண்டும் என்றால் உள்ளே ஆள் அனுப்ப வேண்டும். எனக்கு ஆள் இல்லை. நானே போனேன்.

ரோஜாப்பூப் படம் வைத்து, 'ராஜாத்தி' என்று ஒரு கணக்குத் திறந்தேன். கல்லாவுக்குக் கீழே போனை மறைத்துக்கொண்டு ஈஸ்வரியின் லைவுக்குள் நுழைந்து முதல் குண்டை வீசினேன்: "இந்தத் துணி சாயம் போகுமா?"

ஈஸ்வரி நெளிவாள் என்று பார்த்தேன். அவளோ முகம் மலர்ந்தாள்.

"வாங்க ராஜாத்திக்கா! நல்ல கேள்வி கேட்டீக. முதல் தண்ணில லேசா விடும். உப்புத் தண்ணில ஊறப்போட்டு அலசுங்க, அப்புறம் விடாது. வேற என்ன சந்தேகம்னாலும் கேளுங்கக்கா, கூச்சப்படாதீக."

எனக்கு இப்படி ஒரு பதிலை அவள் எப்போது சொல்லியிருக்கிறாள் என்று யோசித்தேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போது சோதித்தும் பார்த்தேன்.

"குழம்புல உப்பு கம்மியோ?"

"போட்டுக்கங்க."

மறுநாள் ராஜாத்தி, தையல் பிரியுமா என்று கேட்டாள். அதற்கும் சிரிப்பு. அடுத்த நாள், பருமனானவர்களுக்கு இடுப்புப் பிடிக்குமா என்றாள். "ராஜாத்திக்கா எல்லாருக்காகவும் கேக்குறாக, அதேன் அவுகள எனக்குப் பிடிக்கும்" என்று ஈஸ்வரி ஊரறியச் சொன்னாள். "சாப்பிட்டீகளாக்கா?" என்றும் கேட்டாள். நான் கீழே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

வேவு பார்க்கப் போன இடத்தில் வேவுகாரிக்கு மரியாதை. எனக்கு ராஜாத்தி மேலேயே எரிச்சல் வந்தது. யாரிவள்? நேற்று முளைத்தவள். நான் இந்த வீட்டில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறேன்.

ஒரு தடவை மாட்டியிருப்பேன். "ராஜாத்திக்கா, நீங்க எந்த ஊரு?" என்று அவள் கேட்க, வாய்க்கு வந்ததைத் தட்டினேன்: சின்னமனூர். உடனே சின்னமனூர்க்காரி ஒருத்தி, "எந்தத் தெருக்கா? யாரு வீடு?" என்று கேட்டுவிட்டாள். வேர்த்து ஊற்றியது. "சார்ஜ் இல்ல" என்று போட்டுவிட்டுப் போனை அணைத்து, துணிமூட்டைக்கு அடியில் சொருகிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்தும் கொண்டேன். போனுக்குள்ளிருந்து கையை நீட்டிப் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன் போல.

மேடம் என்று கூப்பிட்டவர்

அந்த நேரத்தில்தான் ஜெயசிங் வந்தார். தேனி பஜாரில் மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்கிற குடும்பம். காரில் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என் மனைவியை "மேடம்" என்றார். என்னை "சார்" என்றார், ஆனால் மேடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்குத் தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் பெரிய குடோன் இருக்கிறது. மிஷின்களை அங்கே போட்டு, ஆளை அங்கே வைத்து, பார்ட்னராகச் செய்யலாம் என்றார். முதலில் மலைச்சட்டையைப் புது மாதிரியாக மொத்தமாக ஒரு பெரிய லாட் தைத்து இறக்குவது. அது நல்லபடி போய், திரும்பி வராமல் நின்றால், கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அவர் போன பிறகு ஈஸ்வரி சொன்னாள்: "அங்கன குடோனுக்குப் பக்கத்துலயே ஒரு வீடு இருக்காம். தெனம் பஸ்ல போய்ட்டு வந்தா கட்டுப்படியாகாது. அங்கனயே இருந்துக்கிட்டாத்தேன் முடியும்."

மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். கடை கம்பத்தில் இருக்கிறது. அவள் பழனிசெட்டிபட்டியில் இருந்துகொண்டால் இந்த மாடியில் யார் இருப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். நான் ஒருவன். அப்புறம் பல்லி.

"நீங்க என்ன சொல்றீக?" என்றாள்.

போகாதே என்று சொல்ல வாய் வந்தது. நானும் வரட்டுமா என்று கேட்கவும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து தொண்டையில் இடித்துக்கொண்டதால், கோழைகளுக்கு என்றே இருக்கிற வாக்கியத்தைச் சொன்னேன்: "உன் இஷ்டம்."

ஜெயசிங் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள்.

இடப்பக்கம்

மாதிரிச் சட்டை வந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகான சட்டை. இலைப் பச்சை, கழுத்தில் மெல்லிய பட்டி, கையை மடித்துப் பூட்ட ஒரு வார். பட்டன் மட்டும் இடப்பக்கம் இருந்தது. ஆண்கள் சட்டையில் பட்டன் வலப்பக்கம், அதைப் போடும் ஓட்டை இடப்பக்கம். பெண்கள் சட்டைக்கு நேர் மாறு. "லேடீஸ் வேர்னா லேடீஸ் சைடுலதான் பட்டன் இருக்கணும் மேடம்" என்று ஜெயசிங் மாற்றச் சொல்லியிருந்தார். துணி வியாபாரத்தில் அது சரிதான்.

ஈஸ்வரி வெளியே போயிருந்தாள். எனக்கு ஏதோ இடித்தது. கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறைக்குள் போய், என் சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தேன். தோள் பிடித்தது. தொப்பையை உள்ளிழுத்து, பட்டனைத் தேடி வலப்பக்கம் கையைக் கொண்டுபோனால் அங்கே ஓட்டைதான் இருக்கிறது. மாற்றிப் பிடித்தால் விரல் ஒன்றோடு ஒன்று சண்டை போடுகிறது. முக்கி முனகி ஒரு பட்டனைப் போட்டேன். அது எந்த ஓட்டைக்கு உரியதோ அந்த ஓட்டையில் இல்லை. கழற்றவும் வரவில்லை.

அப்போது பார்த்து சின்னச்சாமி சில்லறை கேட்டு உள்ளே வந்தான். பொம்பளைச் சட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மாப்ள, கலர் எடுப்பா இருக்கு. ஜீப்புக்கு நேரமாகலையா?"

"ஏலே, வாய மூடிக்கிட்டு பட்டனக் கழட்டிவிடுறா."

அவன் சிரித்துக்கொண்டே கழற்றினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீப்பு என்று அவன் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

இது வீட்டில் கண்ணாடி முன் நின்று போடும் சட்டை இல்லை. பஞ்சவர்ணம் ஒரு கையில் தூக்குவாளியும் ஜீப் கம்பியுமாக, இருட்டில், வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டு, இன்னொரு கையால் போடுகிற சட்டை. அவள் கல்யாணமான நாளிலிருந்து போட்டது புருஷன் சட்டை. ஏணிக் கைக்காரன் சட்டை. அவள் விரலுக்கு வலப்பக்கம்தான் தெரியும். மலைக்குப் போகிற ஒவ்வொருத்தி விரலுக்கும் அதுதான் தெரியும். இந்தப் பச்சைச் சட்டையை ஆசையாக வாங்குவார்கள், ஒரு வாரம் மல்லுக்கட்டுவார்கள், திருப்பி அனுப்பிவிட்டு ஏணிக் கைக்கே போய்விடுவார்கள்.

லாட் திரும்பி வரும். வெள்ளைச் சட்டைக்காரர் காரைத் திருப்பிக்கொண்டு போவார். ஈஸ்வரி மாடியிலேயே இருப்பாள்.

நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். ஒரு டீ சொல்லிக் குடித்தேன். அந்த மாதிரி இனிப்பான டீயை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. டம்ளர் காலியாகும்வரை நான் உலகத்திலேயே நிம்மதியான மனிதன்.

உச்சிவேளை

லைவ் தொடங்கியது. பழக்க தோஷம், ராஜாத்தியாக உள்ளே போனேன்.

பச்சைச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள் ஈஸ்வரி. பேச்சு வழக்கம்போலத்தான். ஆனால் இடது காது மடலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மகனுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படித் தேய்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரில் அந்தக் காதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"நாளைக்கு மொத்தத் துணியும் வெட்டப் போறோம் மக்களே. ராஜாத்திக்கா, வந்துட்டீகளா? நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தேன் எனக்குத் தைரியம்."

விலா எரிந்தது. கையெழுத்துப் போட்டால் போய்விடுவாள். போடாவிட்டால் அந்தக் காதை எத்தனை நாள் தேய்ப்பாளோ. இரண்டு கட்டை விரலாலும் தட்டினேன்.

"பட்டன ஆம்பளைச் சட்ட மாதிரி வலது பக்கம் வையி ஈஸ்வரி. ஜீப்புல ஒத்தக் கையால போடணும். பழகுன வெரல் மாறாது."

அனுப்பிய பிறகுதான் 'அக்கா' போடாதது தெரிந்தது.

அவள் வாய்விட்டுப் படித்தாள். 'வையி ஈஸ்வரி' என்ற இடத்தில் ஒரு நொடி நின்றாள். பிறகு சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பட்டனைத் தேடினாள். கிடைக்கவில்லை. அன்று தோட்டத்துக்கு லீவு போட்டுப் பக்கத்திலிருந்த பஞ்சவர்ணம், "ஆத்தாடி, நான் ஜீப்புலருந்து விழுந்துருவேன்!" என்று கத்தினாள். கமெண்ட் மழை. ஆமாக்கா, ஆமாக்கா, ராஜாத்தி அக்கா சொல்றது சரி.

லைவ் முடிந்ததும் மாடியிலிருந்து அவள் குரல் கேட்டது. ஜெயசிங்கிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வெட்ட வேணாம் சார். பட்டன் பழையபடி வலப்பக்கமே வரட்டும்... லேடீஸ் வேர்தான் சார், இல்லைங்கல. ஆனா அவுக ஏறுறது ஜீப்புல சார்."

ஊர் பேசியது

லாட் போனது. போன வேகத்தில் இன்னொரு லாட் வெட்டினார்கள். திரும்பி வந்தவை கொஞ்சம், அதுவும் அளவு சரியில்லை என்று. அந்தச் சட்டைக்கு ஈஸ்வரி 'ராஜாத்தி' என்றே பெயர் வைத்துவிட்டாள். கையெழுத்தும் ஆனது. குடோன் பக்கத்து வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் பார்த்தாகிவிட்டது.

சின்னச்சாமி என்னிடம் வந்து ஆச்சரியப்பட்டான். "யாரோ சின்னமனூர் ராஜாத்தியாம்ல? என்னா மூளைங்கிற! உங்கப்பா காலத்துலருந்து சட்ட விக்கிற, உனக்குத் தோணுச்சா இது?"

"தோணல மாப்ள" என்றேன். வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை. அதையும் ஒருத்தி கொண்டுபோய்விட்டாள்.

அன்று மத்தியானம் மாடியில் சாப்பிட உட்கார்ந்தேன். பாதிச் சாமான் மூட்டையாகக் கட்டியிருந்தது. ஈஸ்வரி சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"குடோன்ல சரக்குப் பாத்து வாங்க ஒரு ஆளு வேணும். ராஜாத்திக்காவத்தேன் கூப்பிடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"அவுக வரணுமே" என்றேன்.

"வருவாக."

"அப்ப நான்?"

"உங்களப் பத்தி நான் தனியா முடிவெடுக்க முடியாதுல்ல. அவுகளையும் ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வலது கையில் குழம்பு. இடது கையால் எடுத்துப் பார்த்தேன்.

"ராஜாத்திக்கா, பழனிசெட்டிபட்டிக்கு எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரவா? கொஞ்சம் பொறாமக்காரரு. ஆனா சரக்குத் தெரியும்."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் ரசப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பற்றி ராஜாத்தி என்ன நினைப்பாள் என்று நிஜமாகவே யோசித்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது. பிறகு இடது கைக் கட்டை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன்: "வரட்டும்."

எதிரில் அவள் போன் ஒளிர்ந்தது. குனிந்து படித்தாள். என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"ராஜாத்திக்காவுக்குப் பெரிய மனசு" என்றாள்.